வட்டகொடை வரை ஒரு பந்தயம்

எனக்கு முன்னால் போன நான்கு பேருக்கும் வழி தவறிவிட்டது என்று நான் மனதார நம்பினேன். ஐந்தாவதாகப் போனவன் நான். சந்தியில் அவர்கள் நால்வரும் வலப்பக்கம் திரும்பி மறுபடியும் டவுனுக்குள் போக, நான் மட்டும் வட்டகொடைப் பாதையில் ஏறினேன். சிங்களப் பிள்ளைகளுக்கே சிங்களம் விளங்கவில்லையே என்று சிரிப்புக்கூட வந்தது. கொடி பிடித்திருந்தவர் விசிலை ஊதிக்கொண்டே என் பின்னால் ஓடி வந்தார். என் வேகத்தைப் பார்த்து ஆள் மயங்கிவிட்டார் என்று நினைத்துக் கையை வேறு ஆட்டினேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சைக்கிள் பந்தயத்தில் அதுதான் முதல் வருடம், மூன்று போட்டிகள். முதலாவதில் செயின் கழன்றது. இரண்டாவதில் நான் கழன்றேன், ஒரு தேயிலைச் செடிக்குள். மூன்றாவது தலவாக்கலையில். அதில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் நுவரெலியாவில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை ஒருவரும் போனதில்லை.

சைக்கிள் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட், மணி என்று எல்லாவற்றையும் கழற்றி, "இப்ப பாரு, ரேஸ் சைக்கிளு" என்று எலும்பும் தோலுமாக அதை என் கையில் கொடுத்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சரளமாகச் சிங்களம் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரி, பொலிஸ், அரசாங்கக் கந்தோர் என்று எங்கே போவதானாலும் மாமாவைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பாதி டாக்டர் மாதிரி முன்னால் நடப்பார்.

அன்றைக்கு ஒலிபெருக்கி சிங்களத்தில் மட்டும் பேசியது. ஓட வந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். அது ஒலிபெருக்கிக்குத் தெரியவில்லை. நான் பயத்தில் வேலியோரம் குனிந்து, காலையில் தின்ற ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் தலையைப் பிடித்திருந்தாள். மாமா போட்டி நடத்துகிறவர்களின் மேசையடியில் போய் விசாரித்துவிட்டு ஓடி வந்து சொன்னார். என் காதில் விழுந்தது, "வட்டகொடை, நாலு." வட்டகொடைக்கு நாலு மைல் இருக்கும். கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

வட்டகொடை ஸ்டேஷனடியில் ஒரு பெரியவர் பஸ்ஸுக்கு நின்றார். ரிப்பனும் இல்லை, மேசையும் இல்லை.

"ஐயா, ரேஸ் முடியிற எடம் எங்கங்க?"

"எந்த ரேஸ் தம்பி?"

"சைக்கிள் ரேஸுங்க. நாந்தான் மொதல்ல."

"மத்தவங்க?"

"வழி தெரியாம போயிட்டாங்க."

அவர் வெறும் பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப சரி, நீதான் மொதல்ல" என்றார்.

திரும்பி வந்த நாலு மைலிலும் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் காலில் உணர்கிறேன். ஏற்றத்தில் மிதித்தது நான் அல்ல, அந்தக் கோபம்தான். தலவாக்கலையில் ஆறு பெயர்களையும் வாசித்து முடித்திருந்தார்கள். கொடிக்காரர் என்னைக் கண்டதும் நாலு விரலைக் காட்டி, "வட்ட ஹதரய், வட்ட ஹதரய்" என்று கத்தினார். சிங்களத்தில் 'வட்ட' என்றால் சுற்று. டவுனை நாலு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். அவ்வளவு சிங்களம் எனக்கே தெரியும்.

மாமா ஓடி வந்து சைக்கிளைப் பிடித்தார். லயத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அதுவரை 'நீங்க' என்றே பேசிய என் வாய் அன்றைக்குத் திறந்துகொண்டது.

"வட்டன்னா வட்டகொடையா? ஒனக்கு சிங்களமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. எல்லாரையும் ஏமாத்திக்கிட்டுத் திரியிற."

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மாமா அவள் கையைப் பிடித்தார்.

"ஆமாடா, தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.

"அதான பாத்தேன்" என்றார் கூட்டத்தில் ஒருவர். "போன மாசம் ஆஸ்பத்திரில எனக்கு என்னா நோவுன்னு சொல்லி வச்சாரோ." எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து மாமாவுக்குப் பெயர் வட்டகொடையார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சிங்களம் பேசக் கடைக்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். மாமா வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று அவர்கள் இறங்கிப் போவதைப் பார்த்தார். நல்லா வேணும் என்றிருந்தது எனக்கு. பள்ளிக்கூடம் முடியும்வரை அவரோடு பேசவில்லை. சைக்கிளையும் தொடவில்லை.

வயதானபின் கோபம் போய் அது நல்ல கதையாகிவிட்டது. எந்தக் கல்யாண வீட்டிலும் நான் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். மாமா ஓடி வந்த மாதிரி ஓடியும் காட்டுவேன். மாமாவும் ஒரு மூலையில் இருந்து சிரிப்பார். போன சித்திரையில் அக்கா மகள் கல்யாணத்திலும் அப்படித்தான். பாதிக் கதையில் அக்கா என் கையைப் பிடித்துச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னும் எத்தன வருசத்துக்குடா இதச் சொல்லிக்கிட்டுத் திரிவ? வெக்கமா இல்ல?" அவள் என் கையை விடவில்லை. "ஒன் தலையப் புடிச்சிக்கிட்டு நின்னது நானு. மாமா சொன்னது எனக்குக் கேட்டிச்சு."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

"எங்க சொல்ல விட்டாரு? அம்புட்டுப் பேருக்கு முன்னால புள்ள அழுவுது, விடுன்னுட்டாரு."

மாமா அன்றைக்கு ஓடி வந்து சொன்னது, "வட்டம் நாலு."