மூவாயிரத்து இருநூறு கிலோ

விமானக் கம்பெனி அலுவலகத்தில் அவருக்கு ‘மூட்டை கேப்டன்’ என்று பெயர். மேகம் லேசாகக் கறுத்தாலே போதும், கூடுதலாக எரிபொருளை மூட்டை கட்டித் தரச் சொல்லி உயிரை எடுப்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. கிளம்புவதற்கு முன்பே ஒரு சீட்டில் ஓர் எண்ணை எழுதித் துணை விமானியிடம் கொடுத்துவிடுவார்.

"எரிபொருள் இந்த அளவுக்கு வந்ததும் சொல்லிடும்மா. திரும்பி வேற ஊருக்குப் போயிடலாம். மேல போனப்புறம் என் புத்தியை நம்பாதே."

அன்றைய எண் 3,200 கிலோ. போகிற ஊரில் அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாயங்காலம் தாண்டுவது கஷ்டம் என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். துணை விமானிக்கும் அது தெரியும்.

ஊருக்கு மேலே போனால் மழை பேயாய்க் கொட்டுகிறது. ஓடுபாதை கண்ணுக்கே தெரியவில்லை. காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. நான்காவது சுற்றில் தற்செயலாக அளவுமானியைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 3,080.

"ஏம்மா சொல்லலை?"

"அப்பாவைப் பாக்கணுமே சார்... இன்னும் ஒரு சுத்து பாக்கலாம்னு நெனச்சேன்."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்த முள்ளைப் பார்க்கிற மனுஷன், கடைசி ஐந்து நிமிஷமாக அந்தப் பக்கமே திரும்பவில்லை. தெரிந்தேதான் திரும்பவில்லை.

"திருப்பு," என்றார்.

அரைமணி நேரத்தில் பக்கத்து ஊரில் இறங்கினார்கள். அங்கே வெயில் பளிச்சென்று அடித்தது. போனை ஆன் செய்ததுமே அக்கா அழைத்தாள்.

"அப்பா இப்பத்தான் போனார்டா. நீங்க திரும்பின கொஞ்ச நேரத்துல மழை விட்டுடுச்சாம். பின்னாடி வந்த விமானம் இறங்கிடுச்சுன்னு சொல்றாங்க."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த துணை விமானியின் கண் கலங்கியது. "இன்னும் ஒரே ஒரு சுத்து சுத்தியிருந்தா, சார்..."

"இறங்கியிருப்போம்மா. அப்பா முகத்தைப் பாத்திருப்பேன்." அளவுமானி முள்ளைப் பார்த்தார். "அப்புறம் அடுத்த தடவையும் அதே தைரியத்துல சுத்துவேன். அன்னிக்கு மழை விடலைன்னா?"

சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அப்பா அப்பா என்று சின்னப் பிள்ளையாய் அழுதார்.

கீழே நூற்றைம்பது பேர் பஸ்ஸில் ஏறியபடி, பயந்தாங்கொள்ளி விமானி என்று அவரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள்.