மூன்றாம் இடத்து விளம்பரம்

“மூன்றாம் இடம் நன்று. இனி மாற்ற வேண்டாம்.” சென்ற ஆண்டு மார்கழிக் கடைசி வாரம், வியாழக்கிழமை என்று தேதியிட்டு என் நோட்டில் நானே எழுதிவைத்த குறிப்பு இது. அடுத்த வாரமே, மாட்டுப் பொங்கலன்று காலை, வாலாஜாபாத் சாலையில் அந்த வரிக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருக்கிறேன். ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது வேலை. எந்தச் சாமி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து வைப்பது பல வருடப் பழக்கம். அழைப்பிதழில் அச்சாகும் நேரம் ஒன்று, சாமி உண்மையில் வந்து நிற்கும் நேரம் வேறு. அந்த இரண்டாவது நேரத்தைத்தான் நான் குறிப்பேன். நோட்டுகள் சேர்ந்துபோனதால் அவற்றை ஓர் இணையதளமாக ஆக்கினேன். ஊர்வாரியாக, மண்டபவாரியாக, வழக்கமான நேரம் மேலே இருக்கும். பக்கத்தின் கடைசியில் ‘இந்த ஆண்டு மாற்றங்கள்’ என்று ஒரு பகுதி. பிழை திருத்துகிறவனுக்குத் திருத்தம் என்றால் கடைசிப் பக்கம்தானே! வேறு மாதிரி யோசிக்கவே இல்லை.

தளத்துக்கு வருடாவருடம் கட்ட வேண்டிய தொகையையாவது அதுவே சம்பாதிக்கட்டும் என்றுதான் விளம்பரம் போட ஆரம்பித்தேன். மனைவி கேட்டாள்: “ஊரே சும்மா பாக்குற சாமிக்கு நீங்க டிக்கெட் போடறீங்களா?” சிரித்துக்கொண்டே கேட்டாலும் அது உறைத்தது. ஆனாலும் விடவில்லை. விளம்பரத்தைப் பக்கத்தின் உச்சியில் சில நாள் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் தள்ளிவிட்டுக் கீழே போனார்கள். அடியில் வைத்தேன்; யாரும் அதுவரை வரவில்லை. மூன்றாவதாக, நேரப் பட்டியலுக்கும் மாற்றங்களுக்கும் நடுவில் வைத்தேன். திடீரென்று தொட ஆரம்பித்தார்கள்; தொட்டால்தான் காசு. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நன்று என்று எழுதிவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊர் வரதர் பார்வேட்டை உற்சவத்துக்காகப் பழையசீவரம் மலைக்குப் போவார். முதல் நாள் இரவே கிளம்பி, வழியில் ஊர் ஊராக மண்டபங்களில் நின்று, கற்பூரம் வாங்கிக்கொண்டு, காலையில் மலையடிக்குப் போய்ச் சேருவார். என் தளத்துக்கு அதிகம் பேர் வருவது அந்த ஒரு நாளுக்குத்தான். அந்த ஆண்டு எல்லாமே இரண்டு மணி நேரம் முன்னதாக நடக்கப் போகிறது என்று போகியன்று தெரிந்தது. உடனே மாற்றங்கள் பகுதியில் ஏற்றினேன். ஏற்றிய நேரத்தைக்கூடக் குறித்திருக்கிறேன்.

அன்று காலை பழையசீவரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் நோட்டோடு நின்றிருந்தேன். பெருமாள் என்னைக் கடந்து போய்ச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். கைப்பேசி அடித்தது. தளத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்தேன்.

ஒரு பெண் பேசினார். “சார், மண்டபத்தாண்ட நின்னுக்கினு இருக்கறோம். எட்டரைன்னு போட்டிருக்குது. ஒரு ஈ காக்கா இல்லியே சார்?”

எந்த ஊர் மண்டபம் என்று கேட்டேன். சொன்னார். சாமி ஆறரைக்கே அங்கிருந்து கிளம்பிவிட்டது. கீழே மாற்றங்கள் போட்டிருக்கிறேனே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

“பாத்தேன் சார். பட்டியலுக்குக் கீழ மூட்டுவலி எண்ணெ விளம்பரம்தான் இருந்திச்சு. அதோட முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டேன்.”

ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

மண்டபத்து வாசலில் கோலம் மிதிபட்டுக் கலைந்திருந்தது. துளசி நசுங்கிக் கிடந்தது. ஓர் ஆட்டோ நின்றது. பின்சீட்டில் வலப்பக்கம் செயலிழந்த ஒரு மனிதரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். பேசிய பெண் அவருடைய மகள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. பண்டிகை நாளில் லீவு கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்.

“நெட்ல டைம் போடறவரு நீதானா சார்?” என்றார் ஆட்டோக்காரர். “பெருமாளே உன் சைட்டைப் பாத்திருந்தா இன்னும் காஞ்சிபுரத்துலயே குந்தினு இருந்திருப்பாரு.”

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினேன்.

மகள்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா வாலிபத்திலிருந்து பெருமாளைத் தோளில் சுமந்தவர். இதே வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறார். “தூக்கறவங்களுக்கு முகம் எங்க சார் தெரியும்? முன்னால போறவன் முதுகுதான் தெரியும். ஊர் ஜனமெல்லாம் மண்டபத்துல நின்னு பாக்கும், இவரு தண்டுக்கு அடியில நின்னுக்கினு இருப்பாரு. ஒரு வாட்டி ஜனத்தோட ஜனமா நின்னு பாக்கணும்னாரு. அடுத்த வருசத்துக்கு உடம்பு எப்படி இருக்குமோ.”

பெரியவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. “போயாச்சா?” என்று மட்டும் குழறலாகக் கேட்டார்.

பெருமாள் மலை ஏறிவிட்டால் சாயங்காலம்தான் இறங்குவார். அதுவரை பெரியவரால் உட்கார முடியாது. படியேறுவதற்குள் பிடித்துவிடலாம் என்று நான் முன்னே போனேன். ஆட்டோ பின்னால் வந்தது. ஊருக்குள் நுழையாமல் வயல் ஓரத்துப் பாதையில் அழைத்துப் போனேன். ஒரு பள்ளத்தில் ஆட்டோ குலுங்க, “சாரு, இதுவும் உன் சைட்ல போட்ட ரோடா?” என்று ஆட்டோக்காரர் கத்தினார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மலையடியில் கூட்டம். குடைகளின் உச்சி தெரிந்தது. பல்லக்கு படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோ அதற்கு மேல் நகராது. நான் இறங்கி ஓடி, வழிவிடுங்கள், உடம்புக்கு முடியாதவர் இருக்கிறார் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். சிலர் ஒதுங்கினார்கள். சிலர் கும்பிட்ட கையை இறக்காமல் என்னை முறைத்தார்கள். திரும்பிப் பார்த்தபோது மகள் ஆட்டோவின் ரெக்சின் திரையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அப்பாவின் தலையை நிமிர்த்தினார். பெரியவர் ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அதற்குள் குடை படியேறிவிட்டது.

நான் ஆட்டோவுக்குத் திரும்பியபோது பெரியவரின் முகம் நனைந்திருந்தது. “பாத்துட்டேன். முகம் தெரிஞ்சுது” என்றார்.

மகள் என்னைத் தனியே அழைத்தார். “சண்டை போடணும்னுதான் சார் இருந்தேன். எனக்கு இங்கேர்ந்து சாமியோட முதுகுப் பக்கம்தான் தெரிஞ்சிது. அவரு பாத்துட்டேன்றாரு. நான் இன்னா சொல்றது, போங்க.”

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் இடம் ஏன் நன்றாக ஓடியது என்பது அப்போதுதான் விளங்கியது. மாற்றம் ஏதாவது உண்டா என்று தேடிவந்த விரல்கள் அங்கே தயங்கின, தவறித் தொட்டன. ஜனங்கள் தடுக்கி விழுந்ததைத்தான் நான் வரும்படி என்று எண்ணியிருக்கிறேன். மாற்றங்களை உச்சிக்குக் கொண்டுபோனேன். விளம்பரத்தை அடியில் தள்ளினேன். இப்போது அதை யாரும் தொடுவதில்லை. தளத்துக்கான பணத்தை நானே கட்டுகிறேன். ஒவ்வொரு உற்சவத்துக்கு முன்னாலும் பக்கத்தை என் மனைவியின் பழைய போனில் கடைசிவரை தள்ளிப் பார்க்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. நிறுத்தவும் முடியவில்லை.

படியேறுவதற்கு முன் பல்லக்கை ஒருமுறை சாலைப் பக்கம் திருப்பி நிறுத்தினார்களா என்று பிறகு விசாரித்தேன். சுமந்தவர்களில் ஒருவர், திருப்பினோம் என்றார். இன்னொருவர், அவ்வளவு கூட்டத்தில் எங்கே திருப்புவது என்றார். நான் அந்த நேரத்தில் கூட்டத்தோடு மன்றாடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியாது. பெரியவர் பெருமாளின் முகத்தைப் பார்த்தாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. எந்த நேரத்தையும் சரிபார்க்காமல் எழுதாத நான், இது ஒன்று மட்டும் அவர் சொன்னபடியே இருந்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.