யாரும் போடாத சட்டை

பிள்ளைகளா, ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நீங்கள் பிறப்பதற்கு முன், கோபாலபுரத்தில் நான் இஸ்திரி வண்டி போட்டிருந்தேன். எதிரே மாடி வீட்டில் ஓர் அக்கா தன் சின்ன மகளோடு குடியிருந்தார். வாரா வாரம் அவர் தரும் துணி மூட்டையில் அந்தச் சட்டையும் வரும். காலரில் அழுக்கு இருக்காது, அக்குளில் வேர்வைக் கறை இருக்காது. எவ்வளவு துவைத்த சட்டையும் சூடு பட்டால் போட்டவரின் வாசனையைக் கொஞ்சம் விடும். இது வெறும் சோப்பு வாசனையை மட்டுமே விட்டது. பெட்டியை அதன்மேல் ஓட்டும்போது அந்த வெயிலிலும் எனக்கு முதுகு சில்லிடும். ஆனால் அக்காவின் கதவருகே ஆண் செருப்பு கிடக்கும். யாராவது மணியடித்தால் உள்ளிருந்து கனத்த இருமல் கேட்கும். அந்த ஜன்னலை நான் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

ஒரு மத்தியானம், தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்தவர் என் வண்டியருகே நின்றார்.

"ஏம்பா, மாடியில ஆம்பள யாராச்சும் இருக்காங்களா?"

"கீறாரு சார். அவர் சட்டைய நான்தான தேய்க்கிறேன்."

குறித்துக்கொண்டு போய்விட்டார். கணவன் கைவிட்ட பெண்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கு அக்கா மனுப் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் ஆண் இருப்பதாக நான் சொன்னதை வைத்து மனு தள்ளுபடியான அன்று அவர் இறங்கி வந்தார்.

"அண்ணே, அந்த ஆள நீ கண்ணால பாத்தியா?"

"இல்லக்கா. உள்ள இருமுவாரே..."

"நான்தான்யா இருமுவேன்!"

என் முன்னாலேயே இருமிக் காட்டினார். அந்த மெலிந்த உடம்பிலிருந்து ஓர் ஆண் இருமினான்.

"தனியா கீறேன்னு தெரிஞ்சா கதவத் தட்டறானுங்க. அதுக்குத்தான் சட்டை, செருப்பு எல்லாம். நீ நல்லா தேய்ச்சண்ணே, சட்டைக்குள்ள ஆளயே நிக்க வெச்சிட்ட! அந்தப் பணமும் இல்லன்னு ஆயிடுச்சு, இனிமே பாப்பாவ ஹாஸ்டல்லதான் விடணும்."

தெருவுக்குப் பயந்து அவர் உண்டாக்கிய ஆளை, சர்க்கார் தாளில் நான் ஏற்றிவிட்டிருந்தேன். அந்தச் சட்டைக்குள் உடம்பு இல்லை என்று என் கைக்கு எப்போதோ தெரியும். வாய்தான் அவசரப்பட்டது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வாசல் மரத்தடியில் உட்கார்ந்து, எட்டாவதோடு நின்றுபோன கையெழுத்தில், ‘அந்த வீட்டில் ஆண் யாரையும் நான் பார்த்ததில்லை. பார்க்காததைச் சொல்லிவிட்டேன்’ என்று எழுதினேன். அடியில் என் முழுப் பெயரையும் போட்டு, மனு வாங்கும் ஜன்னல் திறக்கும்வரை தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.