மணிக்கட்டைப் பிடிக்கும் வேலை

“நான் ஓடிடுவேன்னு நெனைக்கிறியாம்மா?”

யு.கே.ஜி. படிக்கும் என் மகள், செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் சாலையைக் கடக்கும்போது கேட்டாள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. தண்ணீர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லாரி போய்விட்டது. நாங்களும் சாலையைக் கடந்து, படியேறி, வீட்டுக்கு வந்து, அவள் பால் குடித்து முடித்தும் ஆயிற்று. பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

வரும் திங்கட்கிழமை பரேடில் நான் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இருக்கிற பிரிவிலேயே இருக்கப் போகிறேனா, சைபர் கிரைம் பிரிவுக்கு மாறிப் போகிறேனா என்று. இரண்டு கேள்விகளும் எப்படியோ ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டுவிட்டன. பிரித்தெடுக்கத்தான் இதை எழுதிப் பார்க்கிறேன்.

நான் போலீஸ் என்று சொன்னால் அடுத்து வருவது “எந்த ஸ்டேஷன்?” என்பதுதான். ஸ்டேஷன் இல்லை, ஆயுதப்படை என்பேன். கேட்டவர் கண் உடனே என் இடுப்புக்குப் போகும், துப்பாக்கி இருக்கிறதா என்று. வீட்டிலிருந்து கிளம்பும்போது என்னிடம் இருப்பது சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலும்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் காக்கி எல்லாம் ஒன்று. உள்ளே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, சட்டம் ஒழுங்கு தனி, குற்றப்பிரிவு தனி, போக்குவரத்து தனி. மகளிர் நிலையம், சைபர் கிரைம், கைரேகைப் பிரிவு, மோப்ப நாய்ப் பிரிவு, கடலோரத்துக்கு என்று ஒரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டடம், தனிப் பழக்கம். எங்களுக்கு இருப்பது மைதானம். காலையில் வரிசையில் நிற்போம். யார் எங்கே என்று வாசிப்பார்கள். பெரிய ஆள் வரும் சாலையில் பந்தோபஸ்து, தேர்த் திருவிழா, வினாத்தாள் ஏற்றிய வண்டிக்குக் காவல். எங்கே ஆள் குறைகிறதோ அங்கே நாங்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டு சார் ஒரு நாள் மாடிப்படியில் மறித்தார்.

“மேடம், என் பைக் காணாமப் போயி எத்தன மாசமாச்சு. கொஞ்சம் பாருங்களேன்.”

“அது க்ரைம்ல பார்ப்பாங்க சார்.”

“சரி, நம்ம கேட்டை மறிச்சு தினம் ஒருத்தன் கார் நிறுத்துறானே?”

“அது டிராஃபிக் சார்.”

“என் மச்சானுக்கு லாட்டரி விழுந்திருக்குன்னு போன் வருது.”

“அது சைபர் கிரைம் சார்.”

“அப்ப நீங்க என்னதான் மேடம் பார்ப்பீங்க?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் அதிகம் பார்ப்பது வழிக்காவல். சிறையில் இருக்கும் பெண்களை வாய்தா நாளில் நீதிமன்றத்துக்கும், உடம்பு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டு சேர்க்கும் வேலை. பெண்களுக்கு நாங்கள் விலங்கு மாட்டுவதில்லை. எங்கள் கைதான் விலங்கு. அதற்கு ஒரு பிடி உண்டு. விரலோடு விரல் கோக்கக் கூடாது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் உள்பக்கம் வரும்படி பிடிக்க வேண்டும். பயிற்சியில் எங்களைப் பழக்கிய அம்மா வரிசையாக நிற்கவைத்துக் கத்துவார், “உள்ளங்கை வேர்க்கும், வழுக்கும். மணிக்கட்டு வழுக்காது! என்னம்மா அது, சினிமா ஜோடி மாதிரி புடிச்சிகினு?” நாங்கள் சிரித்துக்கொண்டே ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துப் பழகினோம். அன்று சிரித்துக்கொண்டே பழகிய கை அதற்கப்புறம் அந்தப் பிடியை மறக்கவே இல்லை.

என் மகளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? “அம்மா ஆன்ட்டிங்கள கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குச் சுடிதாரில் போயிருந்தபோது அவள் மிஸ் கேட்டார், “நீங்க எந்த ஹாஸ்பிடல்ல இருக்கீங்க?”

“ஹாஸ்பிடலா?”

“உங்க பொண்ணு சொன்னாளே. நடக்க முடியாத ஆன்ட்டிங்கள எல்லாம் எங்கம்மாதான் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போவாங்கன்னு. கேக்கவே நல்லா இருந்துச்சு.”

‘நடக்க முடியாத’ என்பதை நான் சொல்லவில்லை. அவளே சேர்த்துக்கொண்டது. கையைப் பிடிக்கிறோம் என்றால் தனியாக நடக்க முடியாதவர்களாகத்தானே இருக்க வேண்டும்? நான் போலீஸ் என்று சொன்னதும் மிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு என் மகளைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. ஏதாவது இருந்து மறைத்துவிட்டாரோ என்று இன்றுவரை கவலை.

சைபர் கிரைம் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்ற செய்தி ஒரு காலைப் பரேடில் வந்தது. ஆய்வாளர் வரிசைக்கு முன்னால் நின்று கேட்டார், “கம்ப்யூட்டர் படிச்சவங்க கை தூக்குங்க.”

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கையைப் பாதி தூக்கினேன்.

“முழுசா தூக்கும்மா. உன் கைதானே அது?”

வரிசை முழுக்கச் சிரித்தது. விருப்பம் உள்ளவர்கள் யோசித்துச் சொல்லலாம், ஒரு முறை போனால் உடனே திரும்பி வர முடியாது என்றார்.

என் கணவர் ஊரப்பாக்கத்தில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறார். அன்று சாப்பிடும்போது சொன்னேன். தட்டிலிருந்து நிமிராமலேயே முடிவு செய்துவிட்டார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? ஏசி ரூம். உக்காந்த வேலை. வெயில்ல நின்னு மயக்கம் போட வேணாம்.”

“எனக்கு எல்லாம் மறந்துபோச்சுங்க. யாராவது அழுதுக்கிட்டே போன் பண்ணும்போது நான் பாட்டுக்கு தப்பா எதையாவது அழுத்திட்டா?”

“நல்லது நடந்தாலும் அதுல கெட்டது எங்க இருக்குன்னு தேடுற ஆளு நீ ஒருத்திதான்.”

“நீங்க தேட மாட்டேங்கறீங்களே. வீட்டுல யாராவது தேடணும்ல?”

சிரித்துவிட்டார். எனக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. மகளைத் தினமும் நானே பள்ளியில் விட்டு அழைத்து வரலாம். சீருடை வியர்வை நாற்றம் இல்லாமல் அவளைத் தூக்கலாம். திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

அதற்கு மறுநாள்தான் சிறையிலிருந்து ஒரு பெண்ணை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனோம்.

என்னோடு வந்தவர் ஏட்டம்மா. தலைமைக் காவலர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கடலோரக் குப்பத்துக்காரர், மீன் விற்கிறவர். சந்தையில் கூடை வைக்கும் இடத்துக்கு வந்த சண்டையில் யாருக்கோ மண்டை உடைந்திருக்கிறது. இதுகூட அவராகச் சொன்னது. வழிக்காவலில் நாங்கள் வழக்கைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் மனம் ஏதாவது ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் பிடி தளரும் என்பார் ஏட்டம்மா.

வேனிலிருந்து இறங்கியதும் மணிக்கட்டைப் பிடித்தேன். கண்ணாடி வளையல் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

“இன்னா மேடம், இம்மாங் கெட்டியா புடிக்கிற? நான் எங்க ஓடப்போறேன்? என் புள்ள இங்கதான வருது.”

ஏட்டம்மா சொன்னார், “அவ எல்லாரையும் அப்படித்தான் புடிப்பா. கோச்சுக்காத.”

“புடிக்கட்டும் புடிக்கட்டும். வஞ்சிர மீனக்கூட நான் இப்டி புடிச்சதில்ல.”

ஏட்டம்மா சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

விசாரணை சீக்கிரம் முடிந்தது, இன்னொரு வாய்தா போட்டார்கள். குழந்தையைப் பார்த்துப் பேச அனுமதி வேண்டும் என்று வக்கீல் கேட்க, மாஜிஸ்திரேட் தலையசைத்தார். வெளியே வராந்தாவில் அந்தப் பெண்ணின் நாத்தனார் ஒரு சிறுமியோடு நின்றிருந்தார். என் மகளைவிட ஒரு விரற்கடை உயரம். பள்ளிச் சீருடை. தலையில் ஒரு பக்கம்தான் பின்னல் இருந்தது. இன்னொரு பக்கம் அவிழ்ந்து, ரிப்பன் கையில் இருந்தது.

“ஏய், இன்னாடி தலை இது? அத்த பின்னி வுடலயா?”

“பஸ்ல அவுந்துபோச்சும்மா.”

“நான் பின்னித்தான் இட்டாந்தேன் அண்ணி. இதுதான் வழியெல்லாம் புடிச்சி இழுத்துகினே வந்துச்சு” என்றார் நாத்தனார்.

சிறுமி நாத்தனாரைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்தாள். பின்னல் தானாக அவிழவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் அம்மாவுக்கு எனக்கு முன்னாலேயே புரிந்திருக்கும். அவர் ஒரு கையால் ரிப்பனை வாங்கினார். இன்னொரு கை என்னிடம் இருந்தது. ஒரு கையால் யாரும் தலை பின்ன முடியாது. அவர் விடச் சொல்லிக் கேட்கவில்லை. ரிப்பனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பார்த்துப் பேசத்தான் அனுமதி. பின்னுவதற்கு அனுமதி உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. வராந்தா திறந்த வராந்தா. படி இறங்கினால் சாலை, நெரிசல், பஸ் நிலையம். கைதி தப்பினால் என் வேலை என்னாகும் என்று எனக்குத் தெரியும். ஏட்டம்மாவைப் பார்த்தேன். அவர் படியில் போய் நின்று, சாலைப் பக்கம் முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி சொன்னார்:

“நீ புடிச்ச கை, நீ பாத்துக்க.”

நான் மணிக்கட்டை விட்டேன். விட்ட கை அந்தரத்தில் நிற்க முடியாமல் அவருடைய புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. நான் யோசித்துச் செய்யவில்லை. கூட்டத்தில் என் மகள் என் துப்பட்டாவை அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். காக்கிச் சட்டை, தொப்பி, பெல்ட்டோடு ஒருத்தி இன்னொருத்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அவர் நிதானமாகப் பின்னினார். மூன்று கால் எடுத்து, இறுக்கி, காதோரத்து முடியைக்கூட விடாமல் சேர்த்து, ரிப்பனை மடித்துக் கட்டினார். பிறகு, நன்றாக இருந்த மறுபக்கப் பின்னலையும் அவிழ்த்தார். அதையும் முதலிலிருந்து பின்னினார். முந்தானையைப் பிடித்தபடியே நின்றேன்.

முடிந்ததும் சிறுமியின் கன்னத்தை வழித்தார். எழுந்து, நான் கேட்பதற்கு முன்பே, மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார்.

வேனில் திரும்பும்போது கேட்டார், “அடுத்த வாய்தாவுக்கும் நீதான வருவ மேடம்?”

“யாரைப் போடுவாங்கன்னு தெரியாதும்மா. காலையில வாசிக்கும்போதுதான் தெரியும்.”

“நீயே வா. கெட்டியாத்தான் புடிக்கிற. பரவால்ல.”

அன்று சாயங்காலம் மகளை அழைத்து வந்தேன். அன்றைக்காவது அவள் உள்ளங்கையைப் பிடிப்பது என்று நினைத்துத்தான் பள்ளி வாசலுக்கே போனேன். விரலோடு விரல் கோத்துக்கொண்டு, சினிமா ஜோடி மாதிரி, தெருமுனை வரை வந்தோம். அவள் கை பிஸ்கெட் துகளும் வியர்வையுமாகப் பிசுபிசுத்தது. லாரியைப் பார்த்ததும் என் கை தானாகவே மேலே ஏறிவிட்டது. கட்டைவிரல் உள்பக்கம்.

“இங்க வேணாம்மா, வலிக்குது. கையப் புடி.”

“லாரி வருதுல்ல.”

அப்போதுதான் கேட்டாள். காலையில் அந்தப் பெண் கேட்டது போலவே, ஆனால் சிரிக்காமல். நான் ஓடிடுவேன்னு நெனைக்கிறியாம்மா?

ஆமாம் என்றால் அவளை நம்பவில்லை என்று ஆகும். இல்லை என்றால், பிறகு ஏன் அங்கே பிடிக்கிறாய் என்பாள். லாரிமேல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லலாம். ஆனால் லாரி இல்லாத இடத்திலும், காய்கறிக் கடையிலும், ஸ்டேஷன் பிளாட்பாரத்திலும் அங்கேதானே பிடிக்கிறேன்?

சைபர் பிரிவுக்குப் போனால் என் கை இதை மறந்துவிடும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. விரல்கள் கீபோர்டில் இருக்கும், நாளாக நாளாக அந்தப் பிடி போய்விடும். என் மகளுக்கு ஒரு சாதாரண அம்மாவின் கை கிடைக்கும். அடுத்த நிமிடமே, இதற்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை, நான் இயல்பிலேயே பயந்தவள், எந்தப் பிரிவுக்குப் போனாலும் இப்படித்தான் பிடிப்பேன் என்று தோன்றுகிறது. அப்படியானால் எதற்கு மாற வேண்டும்? அடுத்த வாய்தாவுக்கு அந்தச் சிறுமி பின்னல் அவிழ்ந்த தலையோடு வருவாள். எனக்குப் பதிலாக யார் நிற்பார்கள்? என்னைவிட நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் விடுவாரா? ஒரு தடவை விட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக, விட்டது சரி என்று ஆகிவிடுமா? இதை ஏட்டம்மாவிடம் கேட்டேன். “நீ போறதா இருந்தா போ, இருக்கறதா இருந்தா இரு. என் ராத்தூக்கத்தக் கெடுக்காத” என்றார்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பிள்ளை பெற்றவர்கள், வேலை மாறியவர்கள், மாறாமல் இருந்து பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஆய்வாளர் கேட்கும்போது நான் கையைத் தூக்கட்டுமா, வேண்டாமா? அதற்கு முன்பாக இன்னொன்று. லாரியும் பஸ்ஸும் ஓடுகிற சாலையைக் குழந்தையோடு தினமும் கடக்கிறவர்கள் சொல்லுங்கள். நீங்கள் எங்கே பிடிக்கிறீர்கள்? உங்கள் பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?