பெரிய நம்பராகப் பார்த்துப் போட்டேன்

இன்றைக்கும் கணினியில் ‘ரீஸ்டார்ட்’ என்ற சொல்லைப் பார்த்தால் என் விரல் தானாகப் பின்வாங்கிக்கொள்கிறது.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடையில் எனக்கு வேலை. அங்கே கழித்துவிட்ட பழைய கணினி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொறியியல் முடித்திருந்த மகள் அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டாள். திரையில் ஒரு சாளரத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் ஜெல்லி மாதிரி நெளியும். ஒரு விசையை அழுத்தினால் திரை முழுவதும் கனசதுரப் பெட்டியாகிச் சுழலும். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை நான் சாளரங்களை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

“ஏம்மா, அதென்ன தூரியா?” என்று ஊஞ்சலைச் சொல்லிக் கேட்பாள் மகள்.

பெட்டி சுழலும்போது மட்டும் அவ்வப்போது திக்கும்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, காலை பதினொரு மணிக்கு அவளுக்கு இணையவழி நேர்காணல். அந்தக் கணினியில்தான் நிரல் எழுதிக் காட்ட வேண்டும், கைப்பேசி செல்லாது. பத்து மணிக்கு அவள் தலைக்குக் குளிக்கப் போனாள். நேர்காணல் நடுவில் திரை திக்கினால் என்ன செய்வாள் என்று எனக்குள் பதைப்பு.

பூஜைக்கு முன் வண்டியில் தேய்ந்ததையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். இருப்பதிலேயே புதியதை எடுத்துக் கொடுத்துப் பழகிய கை என்னுடையது. அவள் என்றோ காட்டியிருந்த பட்டியலைத் திறந்தேன். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருள்கள் எண்களோடு வரிசையாக இருந்தன. இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தொட்டேன். கடவுச்சொல் என் பிறந்தநாள்தான். ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன்.

திரை கறுத்தது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டியது.

மகள் தலையில் துண்டோடு வந்தாள். “என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?”

“புது டிரைவர் போட்டேன் சாமி. பெரிய நம்பராப் பாத்து.”

“இந்தக் கார்டு உன் வயசும்மா! புது டிரைவருக்கு இதை அடையாளமே தெரியாது. பழைய கம்ப்ரசருக்குப் புது மாடல் பிஸ்டன் குடுப்பியா நீ?”

“குடுக்க மாட்டேன்.”

“அப்பறம்?”

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. நான் போட்டதை நீக்கிப் பழையதைத் திரும்பப் போடச் சொல்லிக் கட்டளை தட்டினாள். ஈரத் தலையிலிருந்து விசைப்பலகைமேல் சொட்டுச் சொட்டாக விழ, நான் முந்தானையால் துடைத்தேன்.

“தள்ளிக்கோம்மா, எழுத்தெல்லாம் தப்பா உழுகுது.”

பத்தே முக்காலுக்குப் பழைய நீல முகப்புத் திரை வந்தது. அவள் முதலில் ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நெளிந்தது. எனக்கு அழுகை வந்தது, அவளுக்குச் சிரிப்பு. பிறகு ஆட்டம், சுழற்சி எல்லாவற்றையும் அணைத்தாள்.

“இனித் திக்காது. இவ்வளவுதாம்மா வேலை.”

பூஜையன்று கணினிக்குச் சந்தனம் வைத்தேன். “பொட்டோட நிறுத்திக்கோ சாமி” என்று என்னைக் கும்பிட்டாள்.

அடுத்த வாரம் அவளுக்கு வேலை உறுதியானது. அன்றைக்கே ஜெல்லியையும் பெட்டியையும் எனக்காக மறுபடி போட்டுவிட்டாள். பழைய டிரைவர்தான். பெட்டி சுழலும்போது திக்கத்தான் செய்கிறது. திக்கட்டும்.