அப்பா படத்துக்குக் கீழே தொங்கிய மெடல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே, தனி ஆணியில், ஒரு மெடல் தொங்கிக்கொண்டிருந்தது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "மெடல் வாங்கின சொல்தா வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். கூடத்தை ஒட்டிய அறையில்தான் நான் ரவிக்கை தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் அந்த மெடலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்?

அப்பா தவறிப்போனபோது எனக்கு ஆறு வயது, தம்பிக்கு நான்கு. அப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படமும் மெடலும்தான்.

போன வருடம் கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் வைக்கிற நாளுக்கு அம்மாவுக்கு அழைப்பு வந்தது. அங்கே மெடல் வாங்கியவர்கள் முன்வரிசையில், நெஞ்சில் குத்திக்கொண்டு உட்காருவார்கள். சொல்தாக்களின் மனைவிமார் பின்வரிசையில், கணவரின் மெடலைப் பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அவர் வாங்கியதை இவர் குத்திக்கொள்வது முறையில்லை. நான் ஆணியிலிருந்து மெடலை எடுத்துத் துடைத்து, வெல்வெட் பெட்டியில் வைத்தேன்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். தொண்ணூற்றொரு வயது. காது மந்தம், கண்ணும் நாக்கும் கூர்மை.

"பெட்டி எதுக்குடி? புடவையில குத்து."

"அப்பாவோடத நீ குத்திக்கக் கூடாதும்மா."

"அது உங்கப்பாது இல்ல. என்னுது."

வயதாகிவிட்டது, பேச்சு தடுமாறுகிறது என்றுதான் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "பீரோவுல, பட்டுப் புடவைக்கு அடியில ஒரு பப்பியே கீது. எடுத்தா" என்றாள். எடுத்தேன். மடிப்பில் கிழியப் பார்க்கிற ஒரு பழைய பிரெஞ்சுக் காகிதம். நான் பிரெஞ்சு படித்தவள் இல்லை. ஆனால் பெயருக்கு முன்னால் 'மத்மோசேல்' என்று இருந்தது புரியாதவள் புதுச்சேரியில் இருக்க முடியாது. கல்யாணமாகாத பெண்ணுக்குத்தான் அது. எங்கப்பா எந்தக் காலத்திலும் மத்மோசேலாக இருந்ததில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது வியட்நாமில், சைகோன் பக்கம். அங்கேயும் அப்போது பிரெஞ்சு ஆட்சிதான். பத்தொன்பது வயதில் அங்கே ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். நர்ஸ் கூட இல்லை, துணி துவைத்து, கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற வேலை. சண்டை ஊரை நெருங்கியதும் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். எழுந்திருக்க முடியாத நோயாளிகளோடு ஒரு கன்னியாஸ்திரீயும் அம்மாவும் மட்டும் நின்றார்கள். மூன்று நாள். குண்டு விழுகிற சத்தத்துக்கு நடுவே குளத்துக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள். போரில் தொண்டு செய்த சாதாரண ஜனங்களுக்கு பிரெஞ்சு அரசாங்கம் கொடுக்கிற மெடல் அது. துப்பாக்கி தொட்டவர்களுக்கு வேறு.

"அப்புறம் ஏன் அப்பா படத்துல மாட்டின?"

"துக்கம் விசாரிக்க வந்தவங்க எல்லாம், சொல்தாவாச்சே, ஒரு மெடல் கூட இல்லியான்னு கேட்டாங்க. எனக்குப் பொறுக்கல. மாட்டிட்டேன். அப்புறம் எடுக்க மனசு வரல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை பேரிடம் அப்பாவின் வீரத்தைக் கதை கதையாக அளந்திருப்பேன்! எல்லாம் நானாகக் கட்டியது. "இப்ப மட்டும் என்னா?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"இன்னும் எத்தினி வருஷம் எனக்கு அழைப்பு வரும்? ஒரு தரம் நானே போட்டுக்கறேன்டி."

பெட்டியைத் திறந்து மெடலை வெளியே எடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் பாரிசிலிருந்து தம்பி போனில் குதித்தான். "ஊரே பார்க்கும். அப்பா மானம் என்னாவுறது?" அவன் போட்ட கூச்சல் மந்தக் காதிலும் விழுந்து, அம்மா போனைப் பிடுங்கினாள். "உங்கப்பா மானத்துக்கு ஒண்ணும் ஆவாது. அந்த ஆஸ்பத்திரியில ரெண்டு காலும் கட்டு போட்டுப் படுத்துக் கெடந்தவங்கள்ல அவரும் ஒருத்தரு. நான் தண்ணி மொண்டாந்ததுனாலதான் நீ இன்னைக்குப் பேசற."

எனக்கு வேலை வந்தது. மெடல் இடது நெஞ்சில்தான் இருக்க வேண்டும், அங்கேதான் முந்தானை. ஊக்கு குத்தினால் பட்டு கிழியும், மெடலின் கனத்துக்கு முந்தானை சரியும். மடிப்புக்கு உள்ளே ரவிக்கைத் துணியில் ஒரு பட்டை வைத்துத் தைத்து, வெளியே நூலில் கண்ணி போட்டு, அதில் மெடலை மாட்டினேன். இத்தனை வருடத் தையலில் இவ்வளவு கவனமாக ஊசி பிடித்ததில்லை.

கடற்கரையில் பட்டியலோடு நின்றிருந்த பழைய சொல்தா ஒருவர் அம்மாவைத் தடுத்தார். "மதாம், வீட்டுக்காரர் மெடல கழட்டி மடியில வச்சிக்குங்க. உங்க எடம் பின்னால."

"வீட்டுக்காரர்து இல்ல முசே. என்னுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தை நீட்டினேன். ஒரு முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் போட்டார். அம்மா அதில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடல்காற்று முந்தானையை இழுத்தது. என் கண்ணி அசையவில்லை. எனக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன.

மெடல் இப்போது அம்மாவின் கட்டில் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. படத்துக்குக் கீழே ஆணி மட்டும் இருக்கிறது. போன வாரம் அளவு கொடுக்க வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "மெடல் உங்க அம்மாதுன்னு சொல்றாங்களே, அப்போ உங்கப்பாவுக்கு ஒண்ணுமே கிடைக்கலியாக்கா?" என்று கேட்டாள்.

கூடத்தில் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவைக் காட்டினேன்.

"கிடைச்சுது. அதோ."