ஜட்காத்துவம்

ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டெம்பரவரி டீச்சராக இருந்தேன். புருஷன் போன பிறகு திருப்பத்தூரில் அண்ணன் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்து, அழுது அடம்பிடித்து டிரெயினிங் படித்து வந்தவள். இன்ஸ்பெக்ஷனில் நல்ல பெயர் கிடைத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் அண்ணி கையால் சாப்பாடு.

அப்போது விஞ்ஞானத்தில் ஜடத்துவம் பாடம் நடந்துகொண்டிருந்தது. சும்மா கிடக்கும் பொருள் தானாக நகராது, ஓடும் பொருள் தானாக நிற்காது. வெளியிலிருந்து ஒரு விசை வந்து தள்ளவோ தடுக்கவோ வேண்டும். இந்தக் குணத்துக்குத்தான் புஸ்தகத்தில் அந்தப் பெயர். எந்தப் புண்ணியவான் வைத்தாரோ! பிள்ளைகளில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குத் தெரிந்த ஜடம் வீட்டில் வாங்கும் திட்டுதான். நான் யாரையோ திட்டுகிறேன் என்று சிரித்தார்கள். சரி, புரிகிற மாதிரி சொல்வோம் என்று குதிரை பூட்டிய ஜட்கா வண்டியை உதாரணம் காட்டித் தொலைத்தேன்.

மறுநாள் பாடத்தின் பெயரைக் கேட்டேன். வகுப்பே சேர்ந்து, "ஜட்காத்துவம் டீச்சர்!" என்றது.

அதட்டினேன். போர்டில் பெரிதாக எழுதிப் படிக்கச் சொன்னேன். முன் பெஞ்சில் இருந்த சாயபு வீட்டுப் பெண் மட்டும் விடவில்லை.

"எங்க வீட்ல உருதுல ஜட்கான்னா வெடுக்குனு இழுக்கிறது டீச்சர். அப்ப அதான சரி?"

"வாயை மூடுடி," என்றேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியாக வந்தது.

இன்ஸ்பெக்ஷன் அன்று காலையிலேயே அண்ணன் வந்து பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கையோடு அழைத்துப் போகத்தான் வந்திருந்தார். நான் தேறமாட்டேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா ஒல்லியாக, வெயிலில் ஊர் ஊராக அலைந்த களைப்போடு இருந்தார். போர்டைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார், நேராக முன் பெஞ்சைக் காட்டினார். எழுந்தது அதே சாயபு வீட்டுப் பெண்.

"ஜடத்துவம்னா என்ன, சொல்லு."

"அது ஜட்காத்துவம் மா. ஜட்காவோட குணம்."

கூட வந்திருந்த தலைமை ஆசிரியை என்னை முறைத்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றினார். "என்னது? விளக்கிச் சொல்லு."

அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. "நாங்க வர்ற ஜட்காவுல சுத்தியும் திரை போட்டிருக்கும் மா. குதிரை தெரியாது, ரோடு தெரியாது. பின்னால சாஞ்சா வண்டி கிளம்பிடுச்சின்னு அர்த்தம். வண்டி போய்டும், நாம இருந்த எடத்துலயே இருக்கப் பாக்கறோம். முன்னால விழுந்தா பள்ளிக்கூடம் வந்திடுச்சி. வண்டி நின்னுடும், நாம மட்டும் போய்ட்டே இருக்கப் பாக்கறோம்."

"நடுவுல?"

"நடுவுலயா?" கொஞ்சம் யோசித்தாள். "ரோடு நல்லாருந்து, ஒரே வேகமா போனா ஒண்ணுமே தெரியாது மா. ஓடுதா நிக்குதான்னே சொல்ல முடியாது. குளம்புச் சத்தத்த வெச்சித்தான் கண்டுபிடிக்கணும்."

அந்த நடுப்பகுதியை நான் நடத்தவே இல்லை. எனக்கே அது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

இன்ஸ்பெக்ட்ரஸ் என் பக்கம் திரும்பினார். "இந்த வார்த்தையை நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?"

இல்லை, பிள்ளைகள் தப்பாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று கையைக் கழுவியிருக்கலாம். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லை.

"வார்த்தை அவளோடதுங்க. பாடம் என்னோடது."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பரீட்சையில ஜடத்துவம்னே எழுதச் சொல்லுங்க, மார்க்கு போயிடும்," என்றார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். வாசல்படி தாண்டும்போது தலைமை ஆசிரியையிடம், "இந்தம்மாவ விட்டுடாதீங்க," என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. போர்டின் பக்கம் திரும்பி நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

மணி அடித்ததும் அண்ணனிடம் போனேன்.

"இன்னா ஆச்சி? பெட்டி எங்க?"

"உள்ளதான் இருக்கு. நீ கிளம்புண்ணே."

"அப்ப எப்ப வருவ?"

"பொங்கலுக்கு வர்றேன். ரெண்டு நாள் இருந்துட்டுத் திரும்பிடுவேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பொங்கலுக்குப் போனபோது, அண்ணி முதல் தடவையாக எனக்கு மணை போட்டு உட்காரச் சொன்னாள்.